பழைய கார்கள்: பட்டறைக்கு வந்த கேள்விகளும் என் பதில்களும்

கிருஷ்ணகிரியில் நாற்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய கார்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, தாத்தாவோட அம்பாசிடர் வீட்ல இருக்கு. ஏன் இவ்வளவு உருண்டையா செஞ்சாங்க? கடைசி வரைக்கும் ஏன் மாத்தவே இல்ல?

நல்ல கேள்வி தம்பி. ஒரு தகரத் துண்டை எடுத்து நீளவாக்கில் பிடித்துப் பார். நுனி தொங்கும். அதையே லேசாக வளைத்துப் பிடி, விறைத்துக்கொண்டு நிற்கும். அம்பாசிடருக்குத் தனியாகச் சேசிஸ் என்ற அடிச்சட்டம் கிடையாது, பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்க வேண்டும். அதனால் வளைவு அங்கே அழகுக்கு மட்டும் இல்லை, பலத்துக்கும்தான். கூரையின் நடுவில் விரல் முட்டியால் தட்டிப் பார், அப்புறம் பக்கத்து ஓரத்தில் தட்டு. வளைவு கூடும் இடத்தில் சத்தம் கெட்டியாக வரும்.

வடிவம் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1956இல் வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸ் காரைத்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்தில் உத்தர்பாராவில் அம்பாசிடராகச் செய்தது. மாற்றாததற்குக் காரணம் அச்சு. கதவு, கூரை, மட்கார்டு ஒவ்வொன்றையும் அழுத்தி எடுக்க டன் கணக்கில் எடையுள்ள இரும்பு அச்சு வேண்டும், அதுதான் கார் தொழிலில் பெரிய செலவு. போட்டியும் இல்லை, யார் கார் செய்யலாம் என்று அரசே அனுமதி கொடுத்த லைசென்ஸ் காலம். அதனால் முன் கிரில், லைட், டேஷ்போர்டு என்று மேலோட்டமாக மாற்றினார்கள். 1992இல் இசுசு 1800 இன்ஜின்கூட வந்தது. கூரையும் கதவும் 2014இல் உற்பத்தி நிற்கும்வரை அதே சாயல்தான். உன் தாத்தா வண்டியைக் கேலி செய்கிறவர்களிடம் இதைச் சொல்.

தருமபுரியிலிருந்து: சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் மத்தியானம் என் பிரீமியர் பத்மினி கார் நின்றுவிடுகிறது. அரை மணி கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது. எல்லா மெக்கானிக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றச் சொல்கிறார்கள்.

காயிலை மாற்றுமுன், டாங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் ஏசி பம்பைத் தொட்டுப் பாருங்கள். அது இன்ஜினோடு ஒட்டியே இருக்கிறது. ஏற்றத்தில் இன்ஜின் கொதிக்கும், காற்றோட்டம் குறையும், பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைப் பம்ப் இழுக்காது, கார்புரேட்டர் வறண்டுபோகும். ஆறினால் சரியாகிவிடும். பழைய டிரைவர்கள் ஒரு ஈரத்துணியைப் பம்பின்மேல் போர்த்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அந்த வைத்தியம் இன்றும் பலிக்கும். பெட்ரோல் குழாய் சைலன்சர் பக்கம் உரசாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போது பங்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது, பழைய ரப்பரை அது தின்றுவிடும். பம்புக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற சவ்வையும் ரப்பர் குழாய்களையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

அதே பத்மினிக்கு ஸ்டியரிங் பக்கம் கியர் ஏன்?

முன்சீட்டு ஒரே பெஞ்சு. நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் வேண்டும், அவ்வளவுதான்.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு மாணவர்: பழைய அமெரிக்கக் கார்களுக்கு வால் எதற்கு ஐயா?

போர் விமானத்தைப் பார்த்து வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் பி-38 விமானத்தின் இரட்டை வாலில் மயங்கிப்போனார். 1948 காடிலாக்கில் சின்னதாக முளைத்தது, 1959 காடிலாக்கில் உச்சத்துக்குப் போனது. காற்றைக் கிழிக்கும் வேலையெல்லாம் அதற்குக் கிடையாது, பார்வைக்குத்தான். பத்மினியின் பின் மட்கார்டு மேல்விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே பின்லைட் வரை போங்கள். ஒரு மெல்லிய கூர் தட்டுப்படும். அந்த மோகம் இத்தாலியின் ஃபியட் 1100 வழியாக நம் தெருவரை வந்த அடையாளம் அது.

அரூரிலிருந்து: 1968 அம்பாசிடர் வாங்கியிருக்கிறேன். அலாய் வீல், புது சீட், ஃபுளோர் கியர் போடலாமா?

வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். முப்பது வருடத்துக்கு முன் ஒருவர் கேட்டார் என்று அம்பாசிடருக்கு முந்தைய காரான ஒரு லேண்ட்மாஸ்டரின் டேஷ்போர்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டேன். இன்றுவரை அதற்கு ஜோடி கிடைக்கவில்லை. அந்த வலி எனக்குத் தெரியும்.

சட்டத்திலும் இதற்குப் பலன் உண்டு. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றமில்லாமல் அசலாக இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிந்த வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அதை எடுக்கக்கூடாது, அதை யோசித்துப் பதியுங்கள். பட்டி பூசி மறைப்பதைவிட, துருவை வெட்டி எடுத்துத் தகரம் ஒட்டும் டிங்கரைத் தேடுங்கள். செலவு கூடும், ஆனால் நிற்கும்.

தருமபுரியிலிருந்து ஒரு பாப்பா: முதலில் தூரமாகக் கார் ஓட்டியது யார்?

ஒரு அம்மா, கண்ணு. பெர்த்தா பென்ஸ். கணவர் கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியை 1888 ஆகஸ்டில் இரண்டு மகன்களோடு எடுத்துக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்சைம் போனார். ஏறக்குறைய ஓசூரிலிருந்து தருமபுரி தூரம். வழியில் எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பியில் செருகும் ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். ஏற்றத்தில் பிள்ளைகள் தள்ள வேண்டியிருந்ததால், இன்னொரு கியர் வேண்டும் என்று வந்து சொன்னதும் அவர்தான்.

ஓசூரிலிருந்து, ஒரு தொழிற்சாலை நண்பர்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? பானட் ஏன் முன்பக்கமாக முழுசாகச் சாய்கிறது?

நான் அதிகம் நேசிக்கும் கார், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்குப் பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழுப் பாடியாகச் செய்துதர ஆள் இல்லை. அதனால் துண்டு துண்டாகப் பல இடத்தில் அழுத்தி வாங்கி, தனிச் சேசிஸ் மேல் போல்ட் போட்டுச் சேர்க்கும்படி காரை அமைத்தார்கள். இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி வரைந்தார், 1959இல் வந்தது. மட்கார்டோடு சேர்ந்த மூக்கு முழுவதும் ஒரே துண்டு என்பதால்தான் அப்படியே சாய்கிறது. சாய்த்துவிட்டு முன்டயர் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், மெக்கானிக்குக்குச் சொர்க்கம். நம்மூரில் சென்னையை ஒட்டிய ஆலையில் செய்தார்கள்.

வாங்குமுன் கீழே படுத்துப் பாருங்கள். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள், மொத்தென்று கேட்டால் உள்ளே துரு. இன்னொன்று, வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விடாதீர்கள். பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி வாலை ஆட்டும். விற்பவர் சம்மதித்தால் ஞாயிறு காலை நானே வந்து பார்க்கிறேன், டார்ச் மட்டும் எடுத்து வையுங்கள்.