43 சதவீதத்தில் ஒரு ஜனாதிபதி: விருப்பு வாக்கு பற்றிய கேள்வி பதில்

இலங்கை ஜனாதிபதியைத் தெரிவுசெய்யும் முறையை மாற்ற வேண்டுமா என்று மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும்.

ஹட்டன்: பாதிக்கு மேல எடுத்தாத்தான் ஜனாதிபதின்னு சொல்றாங்க. 2024ல யாரும் எடுக்கலையே, எப்படி அறிவிச்சாங்க?

அந்த நிபந்தனை முதல் எண்ணிக்கைக்குத்தான். வாக்காளர் தன் முதல் தெரிவுக்கு 1, அடுத்த தெரிவுகளுக்கு 2, 3 என்று போடலாம்; அந்த 2, 3தான் விருப்பு வாக்கு. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர எல்லோரும் ஒரேயடியாக நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளை மறுபடி எடுத்து, 2 என்ற இலக்கம் அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவர் கணக்கில் சேர்ப்பார்கள். இல்லையென்றால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லாத சீட்டு எண்ணிக்கையிலிருந்தே விலகிவிடும். கடைசியில் இருவரில் கூடுதலாக எடுத்தவர் வெற்றி. 1982இல் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலிலிருந்து பார்த்தால், இது தேவைப்பட்டது 2024இல் மட்டுமே.

பண்டாரவளை: அதனால என்ன மாறுச்சு?

முடிவு மாறவில்லை. முதலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915, சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. மற்ற 36 பேருக்கும் சேர்த்து 3,321,666. அதிலிருந்து அநுரவுக்கு வந்தவை 105,264, சஜித்துக்கு 167,867. மிச்சம் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் இருவருக்கும் போகவில்லை. அதனால் வென்றவரின் இறுதிக் கணக்கு செல்லுபடியான வாக்குகளில் 43 சதவீதம்தான்.

எனக்குக் கவலை தருவது இதுதான். நீக்கப்பட்டவர்களின் பன்னிரண்டு சீட்டுக்கு ஒன்றுகூட இருவரில் ஒருவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால், வாக்காளர் கையில் இருக்கும் உரிமையை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

இறக்குவானை: சீட்டுல எப்படிப் போடணும்?

ஒருவருக்கு மட்டும் என்றால் 1 அல்லது புள்ளடி. விருப்பு வாக்கும் வேண்டுமென்றால் 1, 2, 3 என்று இலக்கமாகவே போடுங்கள். புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்க வேண்டாம். 1 இல்லாமல் 2, 3 மட்டும் போட்டாலும், இரண்டு பேருக்குப் புள்ளடி போட்டாலும் சீட்டு நிராகரிக்கப்படும்.

தலவாக்கலை: பிரான்ஸ் மாதிரி முதல் ரெண்டு பேருக்கு மட்டும் இரண்டாவது தேர்தல் வைச்சா என்ன?

அங்கே இரண்டு வாரம் கழித்து வைக்கிறார்கள். யார் யாருக்கு இடையில் போட்டி என்று தெரிந்தே வாக்களிக்கலாம், அது பெரிய நன்மை. ஆனால் கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள், பெயர் பதிந்த தோட்டத்துக்கு இரண்டு தடவை லீவு போட்டு, பஸ் ஏறி வர வேண்டும். இரண்டாவது தடவை எத்தனை பேர் வருவார்கள்?

நான் கேட்பது வேறு மாற்றம். மூன்று விருப்பு என்ற வரம்பை எடுத்துவிட்டு, அயர்லாந்தைப் போலக் கடைசி இடத்திலிருந்து நீக்கிக்கொண்டே வர வேண்டும். முதல் மூவரும் நெருக்கமாக இருக்கும் தேர்தலில், மூன்றாமவரை எடுத்தவுடன் தள்ளிவிடும் அநியாயம் அப்போது இராது. சிக்கல், நேரம். ஒவ்வொரு சுற்றுக்கும் நாடு முழுவதன் கூட்டுத்தொகை வந்த பிறகே அடுத்த சுற்று தொடங்கும். இதற்கும் வழி உண்டு: கீழே உள்ளவர்களின் மொத்தம் அவர்களுக்கு மேலே இருப்பவரை எட்டாது என்றால், அத்தனை பேரையும் ஒன்றாக நீக்கலாம். 2024இல் அந்த 36 பேரின் மொத்தமே சஜித்தை எட்டவில்லை. ஒரே சுற்றில் முடிந்திருக்கும்.

மஸ்கெலியா: மாவட்டவாரியா வெற்றியைக் கணக்கெடுத்தா நம்ம வாக்குக்குப் பலம் கூடும்தானே?

குறையும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் (ஜனாதிபதியைத் தெரிவுசெய்யக் கடைசியாக வாக்களிப்பவர்கள்) எல்லோரும் போவார்கள். 2016இல் ஹிலாரி கிளிண்டன் 28 இலட்சத்துக்கும் அதிக வாக்குகள் கூடுதலாக எடுத்தும் தோற்றார். இங்கே அப்படி வந்தால் கேகாலை, இரத்தினபுரி, மாத்தளைத் தோட்டங்களில் சிதறி வாழும் நம் மக்களின் வாக்கு சிறுபான்மையாகி மதிப்பிழக்கும். இப்போது தெரணியகலையில் விழும் ஒரு வாக்கும் கொழும்பில் விழும் ஒரு வாக்கும் சமம். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் வாக்கில்லாமல் இருந்த சமூகம் இந்தச் சமத்துவத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

நாவலப்பிட்டி: மாத்துறதுக்கு என்ன வேணும்?

எண்ணும் முறை அரசியலமைப்பின் 94ஆம் உறுப்புரையில் இருப்பதால், நாடாளுமன்றத்தில் 225இல் 150 வாக்கு வேண்டும். சர்வஜன வாக்கெடுப்பும் தேவையா என்பதை உயர் நீதிமன்றம் சொல்லும். 2, 3 போடப் பழக்க எந்தத் திருத்தமும் வேண்டாம். தேர்தலுக்கு முன் தோட்டந்தோறும் மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, தமிழில் விளக்கி, ஆளுக்கொரு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னால் போதும்.