ஜெர்மனிக்கு எந்த நுழைவுத் தேர்வு? கடலூர் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, மஞ்சக்குப்பத்தில் ப்ளஸ் டூ படிக்கிறாய், ஜெர்மனியில் மெக்கானிக்கல் படிக்க ஆசை. பாண்டியில் ஒரு கன்சல்டன்சிக்காரர் எஸ்.ஏ.டி. எழுதச் சொல்கிறார், ட்யூஷன் சார் ஜே.இ.இ. இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிறார், இன்னொருவர் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு போதும் என்கிறார், இதில் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறாய். நானும் கடலூர்க்காரிதான். ஸ்டுட்கார்ட் பக்கம் வந்து ரொம்ப காலம் ஆகிறது. ஊர்ப் பிள்ளைகள் வருஷா வருஷம் கேட்கிற கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஸ்.ஏ.டி.யை விட்டுவிடு. அது அமெரிக்காவுக்கு. அங்கே எம்.ஐ.டி. மாதிரி சில இடங்கள் கொரோனா காலத்தில் தளர்த்திவிட்டு மறுபடியும் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர உனக்கு இருக்கும் தடையை அது நீக்காது.

தடை என்னவென்றால், நம் ப்ளஸ் டூவை இவர்கள் தங்கள் பள்ளி இறுதித் தேர்வான அபிட்டூருக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. 600-க்கு 590 வாங்கினாலும் அதே கதைதான். கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு, நுழைவுத் தேர்வே இல்லாமல் கவுன்சிலிங் போகிற தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். என்ன செய்வது, விதி அப்படி.

உள்ளே வர மூன்று வழி உண்டு. உன் சார் சொன்னது அதில் ஒன்று: ஜே.இ.இ. அட்வான்ஸ்டு. கவனி, மெயின் இல்லை, அட்வான்ஸ்டு. அதில் தேறினால் ப்ளஸ் டூ முடித்த கையோடு பொறியியல், அறிவியல் படிப்புகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஐ.ஐ.டி.யில் இடம் கிடைக்க வேண்டியதில்லை. ஆனால் மெயின் எழுதியவர்களில் முதல் இரண்டரை லட்சம் பேருக்குள் வந்தால்தான் அட்வான்ஸ்டு எழுதவே முடியும். ஜெர்மனிக்காக மட்டும் இதற்குக் கோச்சிங் போகாதே. ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தால் எழுதிப் பார்.

இரண்டாவது, இங்கே ஸ்டூடியன்கொலெக் என்ற ஆயத்தக் கல்லூரியில் ஒரு வருஷம். பொறியியலுக்கு டி-கோர்ஸ். சேரவே ஜெர்மன் மொழியிலும் கணக்கிலும் ஒரு தேர்வு வைப்பார்கள், முடிவில் இன்னொரு தேர்வு. கணக்கில் நம் பிள்ளைகள் தப்பித்துவிடுவார்கள், தடுக்கி விழுவது மொழியில்தான். மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று படிப்படியாக அளப்பார்கள்; பி1, பல இடங்களில் பி2 வரை ஜெர்மன் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

மூன்றாவது, நம் ஊரிலேயே பி.இ. சேர்ந்து முதல் வருஷத்தை அரியர் இல்லாமல் முடிப்பது. பல்கலைக்கழகம் அனபின் என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் 'எச் பிளஸ்', அதாவது அங்கீகாரம் பெற்றது, என்று இருக்க வேண்டும். அதன்பின் அதே துறைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் பெரும்பாலும் இங்கே மறுபடி முதல் வருஷத்திலிருந்துதான். கேட்க எளிதாக இருக்கிறது. காலண்டரைப் பார்த்தால் வேறு மாதிரி. குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15 கடைசி நாள் என்பது வழக்கம். முதல் வருஷ ரிசல்ட் அதற்குள் கைக்கு வராது. ஆக அடுத்த வருஷம்தான்.

மார்க் விஷயத்தில் ஒரு வேடிக்கை. இங்கே 1 என்றால் பிரமாதம், 4 என்றால் பாஸ். நம் மார்க்கை ஒரு சூத்திரம் வைத்து மாற்றுவார்கள்: 600-க்கு 540 என்றால், பாஸ் மார்க் 210 என்று வைத்து, ஏறக்குறைய 1.5 வரும். 450 வாங்கினால் 2.15. 'எனக்கு 1.5தானா?' என்று அழுத பிள்ளையை எனக்குத் தெரியும்.

எந்த வழியில் வந்தாலும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும். உன் சான்றிதழ்களைச் சரிபார்த்து டெல்லியில் தருவது, கட்டணம் 18,000 ரூபாய். 2022 நவம்பரிலிருந்து இது இல்லாமல் மாணவர் விசாவுக்குப் போக முடியாது. டெஸ்ட்-ஏ.எஸ். என்ற திறனறித் தேர்வு யாருக்கு வேண்டும் என்பதை ஏ.பி.எஸ். தளத்திலேயே நீ விண்ணப்பிக்கிற வருஷம் பார்த்துக்கொள், கன்சல்டன்சியிடம் கேட்காதே. இனிஷியல் தொல்லையும் உண்டு: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகவும் மார்க் ஷீட்டில் ஓர் எழுத்தாகவும் இருந்தால், இரண்டும் நீதான் என்று காட்ட ஒரு தாளை இப்போதே தயார் செய்.

ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டு வருஷம்தான் செல்லும், இப்போது எழுதி வீணாக்காதே. இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில்தான், அதுவும் சி1 அளவுக்குக் கேட்பார்கள். பாண்டியில் பிரெஞ்சு படிக்கிற அளவுக்கு ஜெர்மன் படிக்க வசதி இல்லை. கடலூரில் இருந்தபடி ஆன்லைனில் படித்துவிட்டு, தேர்வுக்குச் சென்னை கோதே நிலையத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், பி.இ.யை நம் ஊரிலேயே முடித்துவிட்டு முதுகலைக்கு வா. அப்போது ஜே.இ.இ.யை யாரும் கேட்க மாட்டார்கள், ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகள் நிறைய. சில துறைகள் இந்திய மாணவர்களிடம் ஜி.ஆர்.இ. என்ற முதுகலை நுழைவுத் தேர்வைக் கேட்கும், அதற்குப் பதில் நம் ஊர் பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணை ஏற்பவையும் உண்டு. செலவும் பார்க்க வேண்டும்: வருஷத்துக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க விடும் வங்கிக் கணக்கு) போட்டுக் காட்டணும். ஸ்டுட்கார்ட் இருக்கும் எங்கள் மாநிலத்தில் உன்னைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் வேறு. பதினேழு வயதுப் பிள்ளைக்காக அப்பா கடன் வாங்குவதும், பட்டத்தோடு வருகிறவன் பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிப்பதும் ஒன்றில்லை.

இல்லை அக்கா, இப்போதேதான் வருவேன் என்றால், பொதுத் தேர்வு முடிந்த மறு வாரமே ஏ1 தொடங்கு. கவுன்சிலிங்குக்கும் பதிவு செய்துவை. டிசம்பருக்குள் பி1 தேறினாயா என்று எனக்கு எழுது, எந்த ஸ்டூடியன்கொலெக்குக்குப் போடலாம் என்று அப்போது பேசுவோம்.