விடுதலை தேடி, உயிரைப் பணயம் வைத்துக் காட்டுக்குள் இறங்கியவர்களில் உங்கள் மனத்தை விட்டு நீங்காதவர் யார்?

ஹாரியட் டப்மன்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த அவர், தம்மை விற்றுவிடுவார்கள் என்று அஞ்சி, 1849 செப்டம்பரில் தம்பியர் இருவருடன் தப்பினார். தம்பியர் பயந்து அவரையும் திரும்ப அழைத்து வந்துவிடவே, பின்னர் தனியாகவே கிளம்பி, அடிமை முறை இல்லாத பென்சில்வேனியா மாநிலம் வரை ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தொலைவை இரவுகளில் கடந்தார்.

இதைத் துணிச்சல் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. சிறுமியாக இருந்தபோது, தட்டம்மை கண்டிருந்த நிலையிலும் சதுப்பு நீரில் இறங்கி நீரெலிப் பொறிகளைப் பார்த்து வர அனுப்பப்பட்டவர் அவர். வளர்ந்தபின், மரம் வெட்டும் வேலையில் தேர்ந்த தந்தை பென் ராஸுடன் காட்டில் உழைத்தவர். எஜமானர்கள் வாங்கிய வேலையே அவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தது. மேற்பார்வையாளர் ஒருவர் வேறொருவர் மீது எறிந்த எடைக்கல் தலையில் பட்டதால், நடுவழியில்கூடத் திடீரென நினைவிழந்து உறங்கிவிடும் உடல்நிலையோடுதான் அவர் நடந்தார்.

துருவ நட்சத்திரமே அவருக்கு வழிகாட்டி. மதுரையில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால், நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரத்தில், தென்னை ஓலைகளுக்குள் அது ஒளிந்துகொள்ளும். மேரிலாந்தில் ஏறத்தாழ நான்கு முஷ்டி உயரத்தில் நிற்கும் என்று கணக்கிட்டுப் பார்த்த இரவில்தான், அந்த நடை எனக்கு உண்மையாகவே புலப்பட்டது.

தப்பியவர் அதோடு நிற்கவில்லை. 1860 வரை சுமார் 13 முறை திரும்பிச் சென்று, ஏறத்தாழ 70 பேரை மீட்டார். நீண்ட குளிர்கால இரவுகளையும், தப்பியோரைத் தேடும் செய்தித்தாள் விளம்பரம் திங்கட்கிழமைக்கு முன் அச்சாகாத சனிக்கிழமைகளையும் தேர்ந்துகொண்டார்.

1854 கிறிஸ்துமஸின்போது சகோதரர்கள் மூவரை அழைத்துச் செல்ல வந்தவர், பெற்றோர் வீட்டருகே சோளக் களஞ்சியத்தில் அவர்களுடன் பதுங்கியிருந்தார். மகன்கள் விருந்துக்கு வருவார்கள் என்று காத்திருந்த தாய், கண்டால் கதறிவிடுவார் என்பதால் அவரிடம் சொல்லவில்லை. உணவு கொண்டுவந்து கொடுத்த தந்தையோ, நாளை விசாரிப்பவர்களிடம் ‘பிள்ளைகளை நான் பார்க்கவில்லை’ என்று பொய்யில்லாமல் சொல்வதற்காகக் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டார். கட்டிய கண்களோடே அவர்களின் கைபிடித்துச் சிறிது தூரம் நடந்தவர், பிறகு அவர்களின் காலடி ஓசை ஓயும்வரை வழியிலேயே நின்றிருந்தார்.