பழைய மேசை ரம்பத்துக்கு எந்தக் கைடு?

அண்ணாச்சி, கட்டை நேராகப் போக அணைத்துத் தள்ளும் சட்டமான கைடை இறுக்கினால் அதன் பின்முனை பிளேடு பக்கம் சாய்கிறது, வேறு எது வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அப்படிச் சாய்ந்த கைடோடு அறுக்காதீர்கள், கட்டை திருப்பி அடிக்கும். எனக்கு ஒரு தேக்குச் சட்டம் விலாவில் பட்டு நாலு நாள் மூச்சு இழுக்கவே வலித்தது.

வாங்கும் முன் பிளேடைப் பாருங்கள். ஒரே பல்லில் சாக்பீஸ் அடையாளம் வைத்து, அதை முன்னும் பின்னும் சுற்றி, மேசைக் காடியிலிருந்து, அதாவது மேசை மேல் பிளேடுக்கு இணையாக ஓடும் பள்ளத்திலிருந்து, அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் புதுக் கைடும் உதவாது.

சரியென்றால் முன்பக்கம் மட்டும் பூட்டுகிற, டி வடிவக் கைடு நல்லது. பீஸ்மேயர் மாடல் என்பார்கள். பின்னால் பிடி இல்லாததால் இழுபறி கிடையாது. பழைய துளை பொருந்தாவிட்டால் மேசையின் முன்விளிம்பில் பூட்டும் ஆங்கிள் இரும்பில் புதுத் துளை போடலாம். ஆங்கிளின் மேல்விளிம்பு மட்டும் காடிக்குக் கீழே இருக்கட்டும், இல்லையென்றால் கட்டையைக் கோணத்தில் பிடித்துத் தள்ளும் கோண அளவி காடியில் ஓடாது.

பாளையங்கோட்டைப் பக்கம் பட்டறையில் இந்தக் கைடை இரும்புக் குழாயில் செய்வதானால் முதலில் புள்ளி வெல்டு வைத்து, ஆறவிட்டு, செங்கோணம் பார்க்கும் மூலமட்டம் வைத்துப் பார்த்த பிறகு முழுசாக ஒட்டச் சொல்லுங்கள். சூட்டில் கோணிவிடும். அப்புறம் மேசையின் அகலம் எவ்வளவு?