காற்றைப் படிக்க நினைக்கும் மகள்: வள்ளவிளை அக்காவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அக்கா,

மகள் பிளஸ் ஒன்னில் கணிதம்-உயிரியல் குரூப் படிக்கிறாள், நர்சிங் சேர்க்கலாம் என்று நீங்கள் நினைத்திருக்க அவளோ வானிலை படிக்கப் போகிறேன் என்கிறாள், தினமும் வானிலை அறிக்கையைத் தன் குரலில் பேசி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கடைசி வரியில்தான் நெடுநேரம் நின்றுவிட்டேன்: "ஒக்கியில நாங்க பட்டது போதாதா, இவளும் காத்தையும் கடலையும் பாத்துட்டே இருக்கணுமா?"

அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். 2017 நவம்பர் 29-ஆம் தேதி இலங்கையின் தென்கிழக்குக் கரையோரம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் காலையில் அது குமரிக்கடலில் ஒக்கிப் புயல். ஒரு நாளுக்குள் இவ்வளவு மாற்றம். நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் உங்கள் குமரி மாவட்டத் தங்கல் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே புறப்பட்டுப் போயிருந்தன. கரையில் கூண்டு ஏற்றலாம், பங்குத்தந்தை கோயில் மைக்கில் சொல்லலாம். ஆழ்கடலில் நிற்பவர்களின் காதுக்கு அது போகாது, படகில் இருந்த வயர்லெஸ்ஸும் அவ்வளவு தூரம் எட்டாது. அந்த நாள்களில் நம் ஊர்களுக்கு இல்லாமல் போனது, கணித்ததைக் கடலில் இருப்பவன் கையில் சேர்க்கும் வழி. பிறகு 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி படகில் இருக்கும் செல்போனுக்குக் கொடுக்கும். ஆனால் அது ஒருவழிதான். கடலிலிருந்து பதில் சொல்ல முடியாது. இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அக்கா. உங்கள் மகள் அந்த இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள்.

"மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக்காற்று" என்று அறிக்கை சொல்லும். இன்று வள்ளம் இறக்கலாமா, லட்சத்தீவுப் பக்கம் நிற்கிற விசைப்படகு எந்தத் திசையில் விலக வேண்டும் என்றுதான் கடல்காரர் கேட்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பேச, அறிவியலும் வேண்டும், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்த வீட்டில் வளர்ந்திருக்கவும் வேண்டும். இரண்டாவது அவளுக்கு ஏற்கனவே இருக்கிறது. அதைக் கல்லூரியில் வாங்க முடியாது.

கள்ளக்கடலை நினைத்துப் பாருங்கள். வானம் தெளிந்திருக்கும், காற்று இருக்காது. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயலில் பிறந்த அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து நம் கரையில் ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களின் உயிர் போனது அப்படித்தான். எச்சரிக்கை வெளியாகியிருந்தது. வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி அதைச் சொல்ல ஆள் வேண்டாமா? நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி படிப்பு. பிளஸ் டூ முடித்ததும் "வானிலையியல்" என்ற பெயரில் பட்டப்படிப்பு தேடி அலைய வேண்டாம். பி.எஸ்சி. இயற்பியல் போதும், கணிதத்தைத் துணைப்பாடமாக விடாமல் படிக்கட்டும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டிலிருந்தே போய்வரலாம், செலவும் கைக்கு அடங்கும். அதன்பிறகு கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வானிலையியல் இருக்கிறது, மலையாளம் தெரிந்த உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அது அந்நிய ஊரே இல்லை. விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் வானிலையியலுக்கும் கடலியலுக்கும் ஒரே துறை. பயிர்ப் பக்கம் மனம் போனால் கோவை வேளாண் பல்கலைக்கழகம்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையில் அறிவியல் உதவியாளர் பணிக்கு எஸ்.எஸ்.சி. என்ற மத்தியப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. 2022-ல் வந்த அறிவிப்பில் 990 இடங்கள். பட்டப்படிப்பில் முதல் வகுப்பு, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கேட்டிருந்தார்கள். அதற்கு முந்தைய அறிவிப்பு 2017-ல் வந்தது. ஆண்டுதோறும் வருகிற தேர்வு இல்லை. அதனால் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. மீன்வளத் தகவலும் அலை முன்னறிவிப்பும் தரும் ஹைதராபாத் இன்காய்ஸ், புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் ஆகியவற்றில் திட்டப் பணிகள் வரும். அவை பெரும்பாலும் ஒப்பந்த வேலை, நிரந்தரம் இல்லை. கூடவே கம்ப்யூட்டர் நிரல் எழுதப் பழகினால் கதவுகள் இன்னும் திறக்கும், வானிலைக்கு வெளியேயும்.

இரவுப் பணி உண்டு. புயல் நேரம் பார்த்து வருவதில்லை, முன்னறிவிப்பு அலுவலகம் 24 மணி நேரமும் இயங்கும். வடக்கே எங்காவது இடமாற்றமும் வரலாம். நர்சிங்கிலும் இரவுப் பணி இருக்கிறது, நம் மாவட்டப் பிள்ளைகள் அதற்காகக் கடல் தாண்டிப் போகிறார்கள். ஆகவே "பெண்பிள்ளை" என்பதை இதற்கு மட்டும் தடையாக வைக்காதீர்கள். அன்னா மாணி என்று ஒருவர் இருந்தார். 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர், நாமும் அன்று இருந்த அதே திருவிதாங்கூர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1948-ல் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து இறக்கிய வானிலைக் கருவிகளை இங்கேயே செய்ய வைத்தவர். துணைத் தலைமை இயக்குநராக 1976-ல் ஓய்வு பெற்றார். மகளிடம் இந்தக் கதையை நீங்களே சொல்லுங்கள், நான் சொல்வதைவிட நன்றாக இறங்கும்.

இப்போதே அவள் மாற்ற வேண்டியது ஒன்று உண்டு. அவள் போடும் குரல் பதிவு ஒவ்வொன்றும் தேதி, நேரம் சொல்லித் தொடங்க வேண்டும். போன வருடத்துப் புயல் எச்சரிக்கை இந்த வருடமும் குழுக்களில் சுற்றுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆய்வு மையமோ இன்காய்ஸோ சொல்லாத எதையும், தனக்குத் தோன்றினாலும், சேர்க்கக் கூடாது. சொன்ன புயல் திசை மாறிப் போனால் மறுநாள் அதையும் அவளே சொல்ல வேண்டும், ஏன் மாறியது என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த முறை "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க" என்று வள்ளத்தை இறக்கிவிடுவார்கள்.

மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைக்கட்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பாட்டிலும் ஸ்கேலும் போதும். தினமும் காலை 8.30-க்கு அளந்து நோட்டில் எழுதட்டும். ஆய்வு மையமும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது, நோட்டு சீக்கிரம் நிறையும்.

பிளஸ் ஒன் கணிதத்தில் எவ்வளவு மதிப்பெண் என்று நீங்கள் எழுதவில்லை. அது எனக்குத் தெரிய வேண்டும். மதிப்பெண் குறைவாக இருந்தால் நர்சிங் விண்ணப்பத்தை இப்போதைக்குக் கிழிக்காதீர்கள், இரண்டையும் வைத்தே பேசலாம். அடுத்த முறை அண்ணன் கரைக்கு வந்திருக்கும் நாளாகப் பார்த்து மூன்று பேரும் வாருங்கள். மழை நோட்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள்.