சர்வர் சும்மாதான் இருக்கு, உள் வெப் ஆப் மட்டும் ஏன் திறக்கவே மாட்டேங்குது?

கேள்வி: எங்க லீவ் அப்ளை பண்ற ஆப் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள மட்டும்தான் ஓடுது, எல்லாம் விண்டோஸ் மெஷின். காலைல முதல் தடவை திறந்தா 15, 20 செகண்ட் வெள்ளை ஸ்க்ரீன், அப்புறம் பறக்குது. சர்வர்ல லோடே இல்ல. யாரைப் பிடிக்கிறது?

பதில்: ஃபயர்வால் பாக்குறவங்களைப் பிடிங்க. முதல் தடவை மட்டும் ஸ்லோ, அதுவும் தினமும் கிட்டத்தட்ட ஒரே அளவு நேரம்னா அது லோடு இல்ல, டைம்அவுட், அதாவது வராத பதிலுக்குக் காத்திருந்து கடைசில கைவிடறது. எச்டிடிபிஎஸ் கனெக்‌ஷன் போடறப்போ சர்வர் காட்டற சர்டிஃபிகேட்டை (அதோட டிஜிட்டல் அடையாள அட்டை) யாராவது ரத்து பண்ணிட்டாங்களான்னு, அதுக்குள்ளயே எழுதியிருக்கற சிஆர்எல் (ரத்தானதுகளோட பட்டியல்) இல்லன்னா ஓசிஎஸ்பி (அந்த ஒரு சர்டிஃபிகேட்டைப் பத்தி மட்டும் கேக்கற சர்வீஸ்) அட்ரஸுக்கு உங்க மெஷின் போய் கேக்கறது உண்டு, ஆனா அதுக்கு வெளிய போக வழி இல்ல, ஃபயர்வாலும் "முடியாது"ன்னு சொல்லாம பாக்கெட்டை சத்தமில்லாம டிராப் பண்ணிடுது, அதனால பதில் வரும்னு மெஷின் பாட்டுக்கு உக்காந்திருக்கும். விண்டோஸ்ல இதுக்கு டிஃபால்ட்டே ஒரு யூஆர்எல்லுக்கு 15 செகண்ட், மொத்தமா 20. கொடுமை என்னன்னா, பதில் வரலன்னாலும் பெரும்பாலும் பேஜைத் திறந்து விட்டுடும், அவ்ளோ நேரம் காத்தது வேஸ்ட்.

உறுதி பண்ண, பிரவுசரை முழுசா மூடித் திறந்து, எஃப்12 தட்டி நெட்வொர்க் டேப்ல முதல் ரிக்வெஸ்ட்டோட டைமிங்கைப் பாருங்க. எஸ்எஸ்எல் பட்டை மட்டும் நீளமா, சர்வர் பதிலுக்குக் காத்த நேரம் மில்லிசெகண்ட்ல இருந்தா சந்தேகமே வேணாம். க்ரோம் வழக்கமா இந்த ஆன்லைன் செக்கைப் பண்ணாது, ஆனா அட்மின் பாலிசில ஆன் பண்ணிருந்தா பண்ணும், அதனால "எனக்கு ஸ்லோ, பக்கத்து சீட்டுக்கு இல்ல"ன்னு சண்டை வரும்.

செக்கையே ஆஃப் பண்ணிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, டெஸ்டுக்கு ஒரு மெஷின்ல வேணா பண்ணிப் பாக்கலாம். அந்த அட்ரஸுக்கு மட்டும் ஃபயர்வால்ல வழி விடச் சொல்லுங்க (அது பெரும்பாலும் போர்ட் 80-ல இருக்கும், ஆனா 443-ஐ மட்டும் திறந்துட்டு தலையைச் சொறிவாங்க), முடியலன்னா டிராப்புக்குப் பதிலா ரிஜெக்ட் போடச் சொல்லுங்க, செக் தோத்தாலும் உடனே தோக்கும். சர்டிஃபிகேட் கம்பெனியோட சொந்த சிஏ (சர்டிஃபிகேட் வழங்கற சர்வர்) குடுத்ததுன்னா அதுல சிஆர்எல் அட்ரஸ் முதல்ல எல்டாப்னு (ஆபீஸ் டைரக்டரில தேடற முறை) இருக்கான்னு பாருங்க, ஆபீஸோட விண்டோஸ் டொமைன்ல சேராத லேப்டாப்பால அங்க போக முடியாது. எச்டிடிபி அட்ரஸை முன்னாடி போட்டு சர்டிஃபிகேட்டைப் புதுசா எடுக்கணும், பழசுல இருக்கற அட்ரஸ் தானா மாறாது.

முதல் தடவை மட்டுமில்லாம ஒவ்வொரு க்ளிக்கும் இழுக்குதுன்னா கதை வேற. ஆப் ஒரு வெப் டொமைன், ஏபிஐ (ஆப்புக்கு டேட்டா குடுக்கற சர்வீஸ்) இன்னொரு டொமைன்னு இருந்தா, பல சமயம் நிஜ ரிக்வெஸ்ட்டுக்கு முன்னாடி பிரவுசர் ஆப்ஷன்ஸ்னு ஒண்ணு அனுப்பி அனுமதி கேக்கும். அந்த அனுமதியை எவ்ளோ நேரம் வெச்சுக்கலாம்னு சர்வர் ஆக்சஸ்-கண்ட்ரோல்-மேக்ஸ்-ஏஜ் ஹெட்டர்ல சொல்லலன்னா 5 செகண்ட்ல மறந்துடும். க்ரோம்ல 7200 செகண்ட் வரைக்கும் போடலாம். அதைவிட, ரெண்டையும் ஒரே டொமைனுக்குக் கீழ ரிவர்ஸ் ப்ராக்ஸி (முன்னாடி நின்னு ரிக்வெஸ்ட்டை ஆப்புக்கோ ஏபிஐக்கோ பிரிச்சு அனுப்பற சர்வர்) வெச்சுக் கொண்டு வந்துட்டா அந்தக் கேள்வியே வராது.