பையோடு நிற்பவர்கள்

அன்புள்ள அக்கா,

பிளாக்பூல் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்ததிலிருந்து இதைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். நான் ரெடிங்கில் வசிக்கிறேன். இரண்டு பையன்கள், 16 வயதும் 13 வயதும். இந்த வருஷம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார்கள். மே மாதம் எல்லோரும் தோர்ப் பார்க் போனோம், ஆகஸ்டில் ஆல்டன் டவர்ஸ். அன்றிலிருந்து வீட்டில் ஓயாத சண்டை. நாட்டிலேயே உயரமான, வேகமான ரோலர் கோஸ்டர் தோர்ப் பார்க்கில்தான் இருக்கிறது, இதற்கு மேல் என்ன பேச்சு என்கிறான் பெரியவன். சின்னவனுக்கு ஆல்டன் டவர்ஸ்தான் உசத்தி. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, "சும்மா நல்லா இருந்துச்சு" என்கிறான். எனக்கும் அப்படித்தான் பட்டது. அம்மா இரண்டு இடத்திலும் எதிலும் ஏறவில்லை. தோர்ப் பார்க்கில் பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆல்டன் டவர்ஸ் போய் வந்த அன்று ராத்திரி, திருச்சியில் இருக்கும் சித்தியிடம் அந்தத் தோட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் போனில் பேசினார்கள். இரண்டையும் நடத்துவது ஒரே கம்பெனிதான். அப்புறம் எப்படி ஒன்று மட்டும் ஒரு படி மேலே போகிறது?

இரா. கதிரவன், ரெடிங்

அன்புள்ள கதிரவன்,

எனக்கு உள்காதில் கோளாறு உண்டு. கழுத்தை வேகமாகத் திருப்பினாலே தலை சுற்றும். லெஸ்டரில் இருந்த ஆறு வருடங்களில் மகளோடும் அவள் தோழிகளோடும் இங்கிலாந்தின் பெரிய தீம் பார்க்குகளில் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். ஏறியது என்று பார்த்தால் இரண்டோ மூன்றோ. மற்ற நேரமெல்லாம் ஐந்தாறு பைகள், ஜாக்கெட்டுகள், மூக்குக் கண்ணாடிகள் சகிதம் வெளியே நின்றிருக்கிறேன். அதனால் நான் உங்கள் அம்மா பக்கம். ஒரு பூங்கா நல்லதா என்று தெரிய வேண்டுமானால் பையோடு நிற்பவரைத்தான் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெரியவன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். அவனிடம் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு ரோலர் கோஸ்டர் ஓடுவது ஒரு நிமிடம், மிஞ்சினால் மூன்று. நாள் முழுக்க அலைந்து எட்டில் ஏறினால்கூட எல்லாம் சேர்ந்து கால் மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். காலை பத்து மணிக்கு உள்ளே போய் மாலை ஐந்துக்கு வெளியே வருகிறோம். மிச்ச ஆறே முக்கால் மணி நேரம் அவனும் ஏறாதவன்தான். நடக்கிறான், வரிசையில் நிற்கிறான், சாப்பிடுகிறான், மழைக்கு ஒதுங்குகிறான். அந்த நேரத்தைப் பூங்கா எப்படி நடத்துகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சின்னவனுக்குச் சொல்லத் தெரியாமல் போனது அந்த ஆறே முக்கால் மணி நேரம்தான் என்று நினைக்கிறேன்.

ஆல்டன் டவர்ஸை எடுத்துக்கொள்வோம். ஸ்டாஃபர்ட்ஷையரில் ஷ்ரூஸ்பரி பிரபுக்கள் வாழ்ந்த அரண்மனையும் அதைச் சுற்றிய 500 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலமும். முதல் பெரிய ரோலர் கோஸ்டர் அங்கே வந்தது 1980இல். தோட்டமோ அதற்கு 160 வருடங்களுக்கும் மேல் மூத்தது. 15ஆவது பிரபு 1814 வாக்கில் ஒரு வறண்ட பள்ளத்தாக்கை எடுத்து, குளமும் நீரூற்றும் கண்ணாடி வீடுகளுமாக மாற்ற ஆரம்பித்தார். நடுவில் சீன பகோடா போல ஒரு நீரூற்று நிற்கும், அம்மா பார்த்திருப்பார்கள். மேட்டில் ஒரு சின்ன வீடு இருக்கிறது. கண் தெரியாத வெல்ஷ் யாழ் கலைஞர் ஒருவருக்காகக் கட்டியது. அவர் அங்கிருந்து வாசித்தால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்குமாம். பிரபுவுக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னம் உண்டு. பாலையைப் புன்னகைக்க வைத்தவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். நான் அதன் முன்னால் நெடுநேரம் நின்றிருக்கிறேன். பின்னால் மரங்களுக்கு அப்பால் எங்கோ கூட்டமாக அலறும் சத்தம் கேட்கும், உடனே அடங்கிவிடும், மறுபடி பறவைச் சத்தம்.

அலறல் ஏன் மரங்களுக்கு அப்பால் கேட்கிறது? அந்தப் பகுதியின் கட்டுமான விதிப்படி மர உச்சிகளுக்கு மேலே எதையும் எழுப்ப முடியாது. வேறு இடத்தில் இது பெரிய தலைவலியாக இருந்திருக்கும். இங்கே அதுவே வரமாகிவிட்டது. உயர முடியாது என்றதும் கீழே தோண்டினார்கள். 1994இல் நெமெசிஸ் என்ற ரோலர் கோஸ்டர் வந்த கதை அதுதான். பாறையை வெடி வைத்துத் தகர்த்துப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்துக்குள் தண்டவாளத்தை வளைத்து வளைத்துப் போட்டார்கள். ஜான் வார்ட்லி என்பவர் முன்னின்று உருவாக்கியது, சுவிட்சர்லாந்தின் பொலிகர் – மபியார் கம்பெனி செய்து தந்தது. தண்டவாளத்துக்குக் கீழே கால் தொங்க உட்காரும் வகையில் ஐரோப்பாவில் அதுதான் முதல்.

ஏறாதவளாக நான் அங்கே கண்டதைச் சொல்கிறேன். பள்ளத்தின் ஓரமாக நடைபாதை போகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், பாறைச் சுவர்களுக்கு நடுவே சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் ஓடுவது தெரியும். முதலில் சத்தம் வரும், லாரி ஒன்று தகர மேடையில் ஓடுவது போல. திரும்பிப் பார்ப்பதற்குள் 32 பேர் தலைகீழாகப் போவார்கள். நமக்குத் தெரிவது முகமில்லை, செருப்பும் ஷூவும்தான். தேய்ந்த அடிகள், அவிழ்ந்த நாடா ஒன்று, ஒட்டியிருக்கும் புல். என் மகளை நான் அவள் ஷூவின் பச்சை அடியை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். ஒரே சுற்றில் வண்டி வேறு வேறு திசையிலிருந்து நம்மை நோக்கி வரும், நாம் ஓரிரு அடி நகர்ந்தால் போதும். அவள் ஐந்து முறை ஏறினாள், ஐந்து முறையும் நான் பார்த்தேன். எனக்குச் சலிக்கவே இல்லை. வேடிக்கை பார்க்கிறவளையும் உள்ளே சேர்த்துக்கொண்ட ராட்டினம் அது.

2022 கடைசியில் அதை மூடிவிட்டு, தண்டவாளத்தைப் புதிதாக மாற்றி, 2024இல் திறந்தார்கள். அத்தனை செலவு செய்தும் வளைவுகளை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பள்ளத்துக்கென்று வெட்டித் தைத்த சட்டை அது, வேறு எந்த இடத்துக்கும் பொருந்தாது.

1998இல் வந்த ஒப்லிவியனும் இதே வழிதான். தரைக்கு மேல் சுமார் 20 மீட்டர், ஆனால் விழுவதோ சுமார் 55 மீட்டர், ஏனென்றால் வண்டி நிலத்துக்குள் ஒரு துளையில் போய் மறைகிறது. புகை எழும் அந்தக் குழியை எட்டிப் பார்க்கும் கூட்டம் எப்போதும் அங்கே இருக்கும். அப்புறம் ஹெக்ஸ் என்ற ராட்டினம். பிச்சை கேட்ட கிழவியைப் பிரபு விரட்டினாராம். ஓக் மரத்தில் ஒவ்வொரு கிளை விழும்போதும் உன் குடும்பத்தில் ஒருவர் சாவார் என்று அவள் சபித்தாளாம். கிளைகள் விழாதபடி மரத்தையே சங்கிலியால் கட்டினாராம். இடிந்த அரண்மனைக்குள்ளேயே அந்தக் கதையைச் சொல்கிறார்கள். சங்கிலியோடு அந்த மரம் உண்மையிலேயே ஆல்டன் கிராமத்துப் பக்கத்துக் காட்டில் இருக்கிறது. இப்படி ஒரு கதையை விலைக்கு வாங்க முடியாது, நிலம்தான் கொடுக்க வேண்டும்.

சரி, தோர்ப் பார்க். பெரியவன் சொல்வதில் பொய்யில்லை. ஹைப்பீரியா 72 மீட்டர் உயரம், 2024இல் திறந்தது, ஜெர்மனியின் மாக் கம்பெனி செய்தது. உலகத்திலேயே முதலில் பத்து முறை தலைகீழாகச் சுற்றிய கொலோசஸ் அங்கேதான் 2002இல் வந்தது. ஸ்டெல்த் இரண்டு விநாடிக்குள் மணிக்கு 80 மைல் வேகத்தைத் தொட்டு 62 மீட்டர் ஏறி இறங்கும். ஒரு முறை போதிய வேகம் கிடைக்காமல் வண்டி உச்சிக்குப் பக்கத்தில் தயங்கி, பின்பக்கமாகவே இறங்கி வந்ததைப் பார்த்தேன். கீழே நின்ற அத்தனை பேரும் கை தட்டினோம். வண்டியில் இருந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம், இரண்டாம் முறை இலவசம் அல்லவா. இயந்திரம் என்று பார்த்தால் அந்தப் பூங்காவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நிலம்? ஜல்லி தோண்டி எடுத்த பள்ளங்களில் தண்ணீர் நிரப்பிய இடம் அது. 1979இல் மவுண்ட்பேட்டன் பிரபு திறந்து வைத்தார். தட்டையான தரை, நாலு பக்கமும் தண்ணீர். தண்ணீர் என்பதே எவ்வளவு பெரிய கொடை! ஆரம்ப காலத்தில் அதை மதித்தார்கள். படகும் சின்ன ரயிலும் ஓடின, அவற்றில் போய் ஆடு மாடுகளைப் பார்த்து வர ஒரு பண்ணை இருந்தது. இளவட்டங்களுக்கான பூங்கா என்று முடிவு செய்த பிறகு அதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. இப்போது ஒரு ராட்டினத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ராட்டினம், நடுவில் கான்கிரீட், பர்கர் கடை, பாட்டு. உங்கள் அம்மா பெஞ்சைத் தவிர வேறு எங்கே போவார்கள்? எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஏரிக்கரையில் நிழலாக ஒரு நடைபாதை போட்டால்கூடப் பாதி குறை தீர்ந்துவிடும்.

ஒரே கம்பெனிதானே என்று கேட்டிருந்தீர்கள். மெர்லின் 2007இல் இரண்டையும் சேர்த்தே வாங்கியது. ஆல்டனில் தோட்டம் அதற்கு முன்பே இருந்தது, உயர விதியும் இருந்தது. தோர்ப்பில் அப்படி ஒரு விதி இல்லாததால் மேலே மேலே போக முடிந்தது. என் கண்ணில் பட்ட வித்தியாசம் அவ்வளவுதான்.

பிளாக்பூல் ப்ளெஷர் பீச் பற்றி மறுபடி சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1896இல் தொடங்கிய இடம். சுமார் 42 ஏக்கர்தான், ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் ஊர். அகலப்படுத்த வழியில்லாததால் ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னியிருக்கிறார்கள். 1923இன் பிக் டிப்பர், 1935இன் கிராண்ட் நேஷனல், 1994இன் பிக் ஒன், 2018இன் ஐகான் எல்லாம் அந்தச் சிறிய இடத்துக்குள். டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்தால் தலைக்கு மேலே மரச் சட்டங்கள் கிறீச்சிடும், அதற்கும் மேலே இரும்பு.

கிராண்ட் நேஷனலில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் பந்தயம் ஓடும். மகள் இடப்பக்க வண்டியில் ஏறினாள். நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், வண்டி திரும்பி வந்தது, அவள் மஞ்சள் ஜாக்கெட்டைக் காணோம். நெஞ்சு திக்கென்றது. பார்த்தால் வலப்பக்கத்து நடைமேடையில் இறங்கிக் கை காட்டுகிறாள். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அங்கே இருப்பது ஒரே தண்டவாளம். முழுதும் ஒரே மாலையாகச் சுற்றி, இடப்பக்கம் கிளம்பியது வலப்பக்கம் வந்து சேரும்படி 1935லேயே அமைத்திருக்கிறார்கள். அந்தச் சாமர்த்தியம் ஏறியவளைவிட வெளியே நின்ற எனக்குத்தான் நன்றாகத் தெரிந்தது.

நெடுங்காலம் அங்கே உள்ளே நுழையக் காசு கிடையாது, எதில் ஏறுகிறீர்களோ அதற்கு மட்டும்தான். பாட்டிமார்கள் சும்மா வந்து உட்காரலாம். பிறகு அதை மாற்றிவிட்டார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

வரிசை பற்றி ஒரு வார்த்தை. அதையும் வைத்து ஒரு பூங்காவை எடை போடலாம். ஒப்லிவியனில் ஒரு வண்டிக்கு 16 பேர், சட்சட்டென்று அனுப்புவார்கள், வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். நகர்கிற வரிசையில் நாற்பது நிமிடம் நிற்பதும் நகராத வரிசையில் நாற்பது நிமிடம் நிற்பதும் ஒன்றல்ல. வெளியே காத்திருப்பவருக்கு அந்த வேகம் இன்னும் முக்கியம், அவருக்குக் கடைசியில் ஏற ஒன்றும் இல்லையே. காசு கொடுத்தவரை முன்னால் விடுகிற முறையை நான் ஆதரிக்கவே மாட்டேன். ஒரு பூங்காவில் மழையில் நனைந்தபடி நின்ற குழந்தைகளைத் தாண்டிக்கொண்டு ஆட்கள் உள்ளே போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைகளின் முகம் இன்னும் மனதில் இருக்கிறது.

சின்னக் குழந்தைகள் உள்ள வாசகர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு ஹாம்ப்ஷையரின் பால்டன்ஸ் பார்க்கைச் சொல்வேன். 1983இலிருந்து ஒரே குடும்பம் நடத்துகிறது. பூச்செடிகளும் பறவைகளுமாகத் தொடங்கிய இடம் என்பது இன்றும் தெரியும். பெப்பா பிக் என்ற கார்ட்டூன் பன்றிக்கென்று ஒரு பகுதி வந்த பிறகும் தோட்டத்தை விட்டுவிடவில்லை.

அம்மா மறுபடி வரும்போது மே கடைசி, ஜூன் முதல் வாரம் என்று பார்த்து ஆல்டன் போங்கள், ரோடோடெண்ட்ரான் பூத்திருக்கும். புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம், உட்கார்ந்து சாப்பிட நிறைய இடம் இருக்கிறது. முடிந்தால் பிளாக்பூலும் அழைத்துப் போங்கள். அங்கே 1904இல் ஹிராம் மாக்சிம் வைத்த பறக்கும் ராட்டினம் இன்னும் சுற்றுகிறது. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த அதே மாக்சிம்தான், விமான ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க அதை அமைத்தார். கம்பியில் தொங்கும் வண்டி, தலைகீழாகப் போவதெல்லாம் இல்லை, வெளிப்பக்கமாகச் சாய்ந்து சுற்றும். அம்மாவுக்கு முடியும் என்று தோன்றினால் சின்னவனை ஏறச் சொல்லி அவன் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்த ஒரு முறை பைகளைப் பெரியவன் வைத்துக்கொண்டு நிற்கட்டும்.

அன்புடன்
அக்கா